கணவர் பெயரில் நிற்கும் பழைய கார்: விற்பதற்கு முன் செய்ய வேண்டியவை

சென்னையின் தென்புறநகரில் வசிக்கும் 61 வயது வாசகி ஒருவர், ஏழு பக்கங்களில் எழுதியிருந்த கடிதத்தின் சுருக்கத்தை முதலில் தருகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும், காரைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிட்டேன்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான இவருடைய கணவர் எட்டு மாதங்களுக்கு முன்பு மாரடைப்பால் காலமானார். 2012 மார்ச்சில் அவர் புதிதாக வாங்கிய பெட்ரோல் செடான் கார், 81,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. போட்ட பெட்ரோல், மாற்றிய ஆயில், வாங்கிய டயர் என ஒவ்வொன்றையும் தேதியோடும் கிலோமீட்டர் கணக்கோடும் நோட்டில் எழுதி வைக்கும் வழக்கம் உடையவர் அவர். வாசகிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரே மகள் புனேயில் இருக்கிறார். அவருக்கும் இந்தக் கார் தேவையில்லை. பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க, பக்கத்து வீட்டு இளைஞர் வாரம் ஒருமுறை காரை வெளியே எடுத்து ஓட்டி வருகிறார். காப்பீடு இடையில் முடிந்தபோது, மகள் இணையவழியில் அப்பாவின் பெயரிலேயே அதைப் புதுப்பித்துவிட்டார்.

காரில் சிறு குறைகள் உண்டு. பின்பக்க பம்பரில் கேட் தூண் உரசிய கீறல் இருக்கிறது. இடப்பக்கப் பின்கதவில் டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த இடம் வெயிலில் கொஞ்சம் நிறம் மாறித் தெரிகிறது. நடுப்பகலில் சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. குளிர்ச்சி குறைகிறது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி ஏற நேரம் எடுக்கிறது. இவை போக, 2015 டிசம்பர் வெள்ளத்தில் இருக்கையின் அடிப்பகுதி வரை தண்ணீர் புகுந்து, காப்பீட்டில் பணம் பெற்றுச் சீர்செய்யப்பட்ட கார் இது. அதன் பிறகு பத்து ஆண்டுகளில் ஒருநாளும் வழியில் நின்றதில்லை என்கிறார் வாசகி.

தெரிந்தவர் மூலம் வந்த புரோக்கர் ஒருவர், 2,25,000 ரூபாயை முழுவதும் ரொக்கமாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்கும் படிவம் 29, 30 இரண்டிலும் கணவரின் கையெழுத்தை வாசகியே போட்டுக் கொடுத்துவிடலாம், வெள்ளத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க வேண்டாம், ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரை அவரே ‘சரி பண்ணிக்கொள்வார்’, 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் அதற்குப் பிறகு வாசகிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்பவை அவருடைய யோசனைகள். பதினைந்து ஆண்டு முடிந்துவிட்டால் காயலான் கடைக்குத்தான் போகும், ஆகவே உடனே முடிவெடுங்கள் என்று அவசரமும் படுத்துகிறார். கீறலையும் ஏ.சி.யையும் சரிசெய்துவிட்டு விற்பதா, அப்படியே விற்பதா, குறைகளை எவ்வளவு சொல்ல வேண்டும் என்பவையே வாசகியின் முதன்மையான கேள்விகள். ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் இன்னும் இருப்பதையும், 84 வயது மாமியார் தஞ்சாவூர்ப் பக்கம் கொழுந்தனாருடன் வசிப்பதையும் கடிதத்தின் கடைசியில், பேச்சோடு பேச்சாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று பக்கங்கள் பம்பர் கீறலுக்கும் ஏ.சி.க்கும் போயிருக்கின்றன, ஆர்.சி.யில் இருக்கும் வங்கியின் பெயருக்கு ஒரே ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகப் பட்டது. காரில் உள்ள குறைகள் விலையில் சில ஆயிரங்களைக் குறைக்கும், அவ்வளவுதான். காகிதங்களில் உள்ள குறைகளோ, காரை விற்று நீங்கள் மறந்துவிட்ட பிறகும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டக்கூடியவை. ஆகையால் நீங்கள் கேட்ட வரிசையில் அல்லாமல், அவசரத்தின் வரிசையில் பதில் சொல்கிறேன்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

பக்கத்து வீட்டுத் தம்பியிடம் நன்றி சொல்லிச் சாவியைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு செய்தவர் இறந்துவிட்டால், அவருடைய வாகனக் காப்பீடு உடனே செத்துவிடுவதில்லை. இறந்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் வரை, அல்லது பாலிசி முடியும் நாள் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை நீடிக்கும். அந்த இடைவெளிக்குள் வாரிசு தம் பெயருக்கு அதை மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் நடந்திருப்பது வேறு. உயிரோடு இல்லாத ஒருவரின் பெயரில், நிறுவனத்திடம் அந்தச் செய்தியைச் சொல்லாமலேயே, புதிய பாலிசி எடுக்கப்பட்டிருக்கிறது. மகள் நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. பழைய பாலிசி எண்ணைத் தட்டினால் எல்லா விவரங்களும் தாமே நிரம்பிவிடும் இணையப் பக்கத்தில் இது மிக எளிதாக நடந்துவிடுகிறது. ஆனால் நாளை அந்தத் தம்பி ஓட்டிப்போகும்போது யார் மீதாவது கார் மோதிவிட்டால், பணம் தர மறுப்பதற்கு நிறுவனத்தின் கையில் நாமே ஒரு காரணத்தைக் கொடுத்ததாகிவிடும்; இழப்பீட்டுக் கோரிக்கையோ காரைக் கையில் வைத்திருக்கும் வாரிசான உங்களைத் தேடி வரும்.

இறப்புச் சான்றிதழின் நகலோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலமாக உண்மையைத் தெரிவித்து, உங்கள் பெயருக்கு மாற்றுவதற்கான வழியைக் கேளுங்கள். அந்த மாற்றம் எழுத்தில் வந்து சேரும் வரை கார் தெருவில் இறங்க வேண்டாம். பேட்டரிக்காகக் கவலைப்பட்டால், வீட்டு வளாகத்துக்குள்ளேயே வாரம் ஒருமுறை கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டால் போதும். இல்லையென்றால் ஒரு மெக்கானிக்கை அழைத்துப் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி வைத்துவிடலாம்.

அந்தக் கையெழுத்து

புரோக்கரின் யோசனைகளில் மிக ஆபத்தானது இதுதான். இறந்தவரின் கையெழுத்தை இன்னொருவர் போடுவது, மனைவியே போட்டாலும், பொய்யாவணம் புனைவதாகும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 336ஆம் பிரிவு அதைக் குற்றமாக்குகிறது. அப்படிப் புனைந்ததை உண்மையானது போலப் பயன்படுத்துவது 340ஆம் பிரிவின் கீழ் மற்றொரு குற்றம். ‘ஆர்.டி.ஓ.வில் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்பவர், பிரச்சினை வரும் நாளில் பார்த்துக்கொள்ள மாட்டார். படிவத்தில் இருக்கும் தேதியையும் இறப்புச் சான்றிதழில் இருக்கும் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், வேறு சாட்சியம் தேவைப்படாது. பிற்காலத்தில் வாங்கியவருக்கும் புரோக்கருக்கும் தகராறு வந்தால் முதலில் வெளியே வரும் காகிதமும் இதுவாகத்தான் இருக்கும்.

இதற்கு நேர்வழி இருக்கும்போது குறுக்கு வழி எதற்கு என்பதே என் கேள்வி. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 56ஆம் விதி, உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும் என்றும், வாகனத்தைக் கைக்கொண்ட மூன்று மாதங்களுக்குள் படிவம் 31இல் தம் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும் என்றும் சொல்கிறது. நீங்கள் இரண்டு கெடுவையும் தாண்டிவிட்டீர்கள். துக்க வீட்டில் யாரும் காரின் ஆர்.சி.யைப் பற்றி யோசிப்பதில்லை. இப்படித் தாமதமாக வரும் விண்ணப்பங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் புதியவை அல்ல. தாமதத்துக்குரிய தொகையைக் கட்ட நேரலாம், அதற்கு மேல் அஞ்ச வேண்டியதில்லை. 2021இல் வந்த திருத்தத்தின்படி, உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே ஆர்.சி.யில் நாமினியாக ஒருவரை நியமிக்கலாம். உங்கள் கணவர் அப்படிச் செய்யவில்லை என்பதால் வாரிசுச் சான்றிதழ் தேவைப்படும். அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் விசாரித்து வழங்கும்.

மாமியாருக்கும் பங்கு உண்டு

‘அவருடைய கார், இப்போது என்னுடையது’ என்று எழுதியிருக்கிறீர்கள். மனத்தளவில் அது சரி. சட்டத்தில் அது முழுமையல்ல. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்து, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சம பங்காகப் போகும். மனைவியும் பிள்ளைகளும் மட்டுமல்லாமல், இறந்தவரின் தாயும் அந்த முதல் வகுப்பில் இருக்கிறார். வீடும் நிலமும் மட்டும்தான் இதில் அடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள், காரும் சொத்துதான். எனவே உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் மாமியாருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு.

பங்கைப் பணமாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மகளும் மாமியாரும் தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்தால், ஆர்.சி. உங்கள் ஒருவர் பெயருக்கு மாறுவதில் தடையிருக்காது. எந்த வடிவில் கடிதம் அல்லது பிரமாணப் பத்திரம் வேண்டும் என்பதை உங்கள் பகுதி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கொழுந்தனாரோடு பேச்சுவார்த்தை அவ்வளவாக இல்லை என்று கடிதத்தின் ஓர் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தபாலில் படிவத்தை அனுப்பிக் கையெழுத்துக் கேட்காதீர்கள். ஒருநாள் நேரில் போய், மாமியாரின் அருகில் உட்கார்ந்து, கார் என்ன விலைக்குப் போகும், பணத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். மகனை இழந்த அந்த அம்மாவுக்கு அவருடைய பங்கைக் கொடுக்க நீங்கள் விரும்பினால், அதை வங்கி வழியே கொடுத்துக் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி.யில் நிற்கும் வங்கி

கடனை 2017இலேயே அடைத்துவிட்டோம் என்கிறீர்கள். கடனை அடைப்பது வேறு, ஆர்.சி.யிலிருந்து அடைமானக் குறிப்பை நீக்குவது வேறு. எச்.பி. கேன்சல் என்று எல்லோரும் சொல்லும் இந்த வேலைக்கு, வங்கியும் உரிமையாளரும் கையெழுத்திட்ட படிவம் 35 வேண்டும். அது நடக்காதவரை, பதிவேட்டின் பார்வையில் அந்தக் கார் இன்னும் கடனில்தான் இருக்கிறது. கடன் வாங்கிய வங்கியே இப்போது இல்லை என்று கலங்கியிருக்கிறீர்கள். 2020 ஏப்ரல் 1 அன்று பொதுத்துறை வங்கிகள் பல ஒன்றோடொன்று இணைக்கப்பட்டபோது, பழைய வங்கியின் கணக்குகளும் பொறுப்புகளும் இணைத்துக்கொண்ட வங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த வங்கியின் கிளைக்குக் கடன் கணக்கு எண்ணையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துப் போனால், நிலுவை இல்லை என்ற கடிதமும் படிவம் 35உம் அவர்கள்தான் தர வேண்டும். உங்கள் கணவர் எல்லாவற்றையும் கோப்பில் வைக்கும் மனிதர் என்பதால், 2017இல் வாங்கிய கடிதம் வீட்டிலேயே எங்கேயாவது இருக்கலாம். இருந்தாலும் அதன் காலம் கடந்திருக்கும், புதிதாகவே வாங்க வேண்டியிருக்கும். ஆனால் கணக்கைத் தேடிப்பிடிக்க அது பெரிதும் உதவும்.

பதினைந்து ஆண்டு பயம்

புரோக்கர் அவசரப்படுத்தும் இந்த விஷயத்தில் அவர் சொல்வது தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்களையும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களையும் சாலையிலிருந்து விலக்கும் உத்தரவுகள் டெல்லியையும் அதைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர்ப் பகுதியையும் பற்றியவை. நம் மாநிலத்தில் தனியார் காரின் ஆர்.சி. பதினைந்து ஆண்டு முடிந்ததும், வாகனத்தை ஆய்வுக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். உங்கள் ஆர்.சி. 2027 மார்ச்சில் முடிகிறது. முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பாகப் புதுப்பிக்க விண்ணப்பிக்கவும் முடியாது என்பதால், இப்போதே புதுப்பித்துவிட்டு விற்கலாமா என்ற உங்கள் கேள்விக்கே இடமில்லை. காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்ததால், வாங்குபவர் அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேட்பார். அது நியாயமான பேரம். அதற்காக ‘இரும்பு விலைக்குத்தான் போகும்’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்தவரோடு பேசுங்கள்.

எந்தக் குறையைச் சொல்வது?

இப்போது உங்கள் கேள்விக்கே வருகிறேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், மோசடியை விளக்கும் 17ஆம் பிரிவின் கீழே, உதாரணங்களாகச் சில குதிரைகள் வருகின்றன. நோயுள்ளது என்று தெரிந்தே ஒருவர் தம் குதிரையை ஏலத்தில் விற்கிறார். நோயைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். வாங்குபவள் அப்போதுதான் பருவம் எய்திய அவருடைய சொந்த மகளாக இருந்தால், உறவின் காரணமாக அவர் சொல்லியே ஆக வேண்டும். இனி மூன்றாவது: ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்’ என்று வாங்குபவர் கேட்கிறார், விற்பவர் மௌனமாக நிற்கிறார். அங்கே அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

குதிரையின் இடத்தில் காரை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் கீறலையும், ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் ஏ.சி.யையும் நீங்கள் வாய்விட்டுச் சொல்லாததால் சட்டம் உங்களைப் பிடிக்காது. பார்த்து வாங்க வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு என்பதே 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வைக்கும் பொது விதி. வெள்ளம் அப்படிப்பட்டதல்ல. பழைய கார் வாங்க வரும் எவரும், அதுவும் சென்னைப் பதிவெண் கொண்ட காரை வாங்க வருபவர், ‘தண்ணீர் புகுந்ததா?’ என்று கேட்காமல் இருக்க மாட்டார். ‘இல்லை’ என்றால் அது பொய். பேச்சை மாற்றினால் அது அந்த மூன்றாவது குதிரையின் கதை. இரண்டிலும் ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கேட்க அவருக்கு வழி திறக்கிறது. 2015இல் நீங்கள் காப்பீட்டில் பணம் பெற்றது நிறுவனத்தின் பதிவில் இருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆகவே அவர் கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுவது நல்லது. தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது, எங்கே சரிசெய்யப்பட்டது, என்னென்ன மாற்றப்பட்டன என்பவற்றைப் பில்லோடு காட்டுங்கள். அதன் பிறகு பத்து ஆண்டு நன்றாக ஓடியதற்கு உங்கள் கணவரின் நோட்டே சாட்சி. விலை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. சிலர் ‘வெள்ளத்தில் நின்ற வண்டி வேண்டாம்’ என்று எழுந்தும் போவார்கள். போகட்டும், அவர்கள் வாங்கிய பிறகு தெரிந்துகொண்டு திரும்பி வருவதைவிட அது உங்களுக்கு நிம்மதி.

மீட்டரைக் குறைப்பது மௌனத்தோடு சேர்ந்தது அல்ல. அது நேரடியான ஏமாற்று, நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் வரும். நோட்டில் 81,000 என்று இருக்க, மீட்டரில் 50,000 என்று காட்டினால் அந்த நோட்டையும் ஒளிக்க வேண்டிவரும். பராமரிப்புக்கு நல்ல ஆதாரம் உள்ள கார் என்ற உங்களுடைய ஒரே பெரிய பலத்தைப் புரோக்கருக்காக எரிப்பானேன்?

சரிசெய்துவிட்டு விற்பதா என்று கேட்டால், பம்பருக்கும் கதவுக்கும் பணம் போடாதீர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய கார், எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஏ.சி.யை மட்டும் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டிக் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்; கேஸ் குறைவு, கண்டென்சர் விசிறி போன்ற சிறிய செலவென்றால் செய்துவிடலாம், கம்ப்ரஸர் என்றால் அப்படியே விட்டு, விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். கண்ணாடி மெதுவாக ஏறுவதற்குப் பெரும்பாலும் ரப்பர் பீடிங்கில் சேர்ந்த தூசிதான் காரணமாக இருக்கும், துடைத்துப் பாருங்கள்.

பத்திரம் எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது

சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இயங்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நான் ஆஜராகத் தொடங்கிய ஆண்டுகளில், காரை விற்று மூன்று ஆண்டுகள் கழித்துச் சம்மனோடு வந்த ஒரு பெரியவருக்காக வாதாடினேன். இருபது ரூபாய் பத்திரத்தை பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். அந்தப் பத்திரம் அவருக்கும் வாங்கியவருக்கும் இடையே நல்ல சாட்சியம்தான். ஆனால் விபத்தில் அடிபட்டவருக்கு அந்தப் பத்திரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு, யார் பெயரில் வாகனம் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது. 2007 முதல் கைமாறிக் கைமாறிப் போன ஒரு காரால் 2009இல் நடந்த விபத்து ஒன்றில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அவர் காரை உண்மையாகவே விற்றிருந்தார் என்பது அவருக்குக் கைகொடுக்கவில்லை.

எனவே சாவியைக் கொடுத்துப் பணம் வாங்கிய நாளில் உங்கள் விற்பனை முடிவதில்லை. பதிவேட்டில் உங்கள் பெயர் நீங்கி அவர் பெயர் ஏறும் நாளில்தான் முடிகிறது. சட்டத்தின் 50ஆம் பிரிவு விற்பவருக்கு 14 நாட்களும், வாங்குபவருக்கு 30 நாட்களும் கெடு தருகிறது. படிவம் 29 உங்களுடையது, படிவம் 30 அவர் விண்ணப்பிக்க வேண்டியது. இரண்டிலும் வெற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரம்பிய பிறகே கையெழுத்து. சாவி கைமாறுவதற்கு முன்பே இருவரும் சேர்ந்து போக்குவரத்துத் துறைச் சேவைகளுக்கான பரிவாகன் இணையதளத்தில் பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் பதிந்து, விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அந்த எண்ணை வைத்து நிலையைப் பாருங்கள். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் அவர் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சட்டத்தின் 157ஆம் பிரிவுப்படி மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தானாகவே அவருக்குப் போகும், காருக்கு நேரும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படிப் போகாது என்பதை உச்ச நீதிமன்றம் முன்பே விளக்கியிருக்கிறது. இதை அவரிடம் சொல்லிவிடுவது நல்ல பண்பு.

புரோக்கர் வழியாகப் போகும் கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அவர் தம் பெயருக்கு மாற்றாமல், உங்கள் கையெழுத்திட்ட படிவங்களோடு, ஆள் கிடைக்கும் வரை காரை வைத்துக்கொள்வார். அந்த மாதங்களில் கார் எங்கே ஓடினாலும் உங்கள் பெயரில்தான் ஓடும். இதைத் தடுப்பதற்காகவே 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வணிகர்கள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் ஒப்படைத்தால், படிவம் 29சி வழியாக இணையத்தில் தகவல் பதிவாகி, அதன் பின்னர் பொறுப்பு அவரைச் சேரும். உங்கள் புரோக்கரிடம் அந்த அங்கீகாரச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் நேரடியாக வாங்குபவரைத் தேடுவதே மேல்.

ஒப்படைப்புச் சீட்டில் நான் வழக்கமாக எழுதச் சொல்லும் வாசகம் இது: ‘பின்பம்பரில் கீறல், இடப்பக்கப் பின்கதவில் பெயின்ட் வேலை, ஏ.சி. குறைபாடு, 2015 டிசம்பரில் காருக்குள் நீர் புகுந்து சீர்செய்யப்பட்டது ஆகியவற்றை விற்பவர் எனக்குத் தெரிவித்தார். காரை ஓட்டிப் பார்த்தும், என் மெக்கானிக்கைக் கொண்டு சோதித்தும், உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொண்டு, 81,000 கிலோமீட்டர் அளவீட்டில் இன்று இத்தனை மணிக்குப் பெற்றுக்கொண்டேன்.’ தேதியோடு நேரத்தையும் எழுதத் தவறாதீர்கள். அன்று மாலை ஐந்து மணிக்குக் கைமாறிய கார், மாலை ஏழு மணிக்குச் சிக்னலை மீறினால், அபராதம் யாருடையது என்பதை அந்த நேரம்தான் சொல்லும்.

பணம்

வருமான வரிச் சட்டம் ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதைத் தடுக்கிறது. வாங்கிய தொகை முழுவதற்கும் சமமான அபராதம், பணத்தைப் பெறுபவரான உங்கள் மீது விழலாம். எனவே 2,25,000 ரூபாய் ரொக்கம் என்ற பேச்சுக்கே இடம் தராதீர்கள், வங்கி வழியாகவே பெறுங்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றதற்கு மூலதன ஆதாய வரி கிடையாது, அந்தக் கவலை வேண்டாம். முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யச் சொல்பவரும், யு.பி.ஐ. பின் எண்ணை அழுத்தச் சொல்பவரும் மோசடிக்காரர்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை.

ஓட்டிப் பார்க்க வருபவரின் ஓட்டுநர் உரிமத்தைப் படம் எடுத்துக்கொண்டு, நம்பகமான ஒருவரைக் காரில் கூடவே அனுப்புங்கள். காப்பீடு உங்கள் பெயருக்கு மாறிய பிறகே இதுவும். ஆதார் நகலைக் கொடுக்க நேர்ந்தால் அதன் குறுக்கே எதற்காகத் தருகிறீர்கள் என்பதை எழுதிவிடுங்கள். ஒப்படைக்கும் நாளன்று ஃபாஸ்டேக்கை முடித்துவிடுங்கள், நிலுவையில் உள்ள இ-சலான் எதுவும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடியச் சில மாதங்கள் ஆகலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம், பிறகு வாரிசுச் சான்றிதழ், மாமியாரையும் மகளையும் கேட்பது, வங்கியிடம் படிவம் 35, உங்கள் பெயருக்கு ஆர்.சி., அதன் பின்பே விற்பனை விளம்பரம். புரோக்கர் அதுவரை காத்திருக்க மாட்டேன் என்றால், அதில் உங்களுக்கு நட்டம் எதுவுமில்லை.

கடிதத்தின் கடைசி வரியில், அந்த நோட்டையும் வாங்குபவரிடம் கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி அப்படி ஒரு கடமை இல்லை. சர்வீஸ், டயர், பேட்டரி, வெள்ளத்துக்குப் பிந்தைய பழுது ஆகியவை உள்ள பக்கங்களை மட்டும் நகல் எடுத்துக் கொடுங்கள். வாங்க வருபவர் மூலத்தைப் பார்க்க விரும்பினால் உங்கள் வீட்டில், உங்கள் முன்னிலையில் புரட்டிப் பார்க்கட்டும். நோட்டு உங்களிடமே இருக்கட்டும்.